சண்டையே போடாதவர்கள்

எக்ஸ்ரேக்காரியின் நாத்தனார் புருஷனுக்கு விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. வேறு எவனாக இருந்தாலும் அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருப்பான். இவர் கைப்பேசிக் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்து, விசா நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, சுவரில் விமானப் படம். அந்த விமானத்தில் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. டை கட்டியிருந்தாரே, போதாதா?

அவரிடம் மாட்டியவர்களில் எக்ஸ்ரேக்காரியும் ஒருத்தி. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், "மூச்ச இழுங்க, பிடிங்க, இப்ப விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்வது அவள் வேலை. தெருவே அவளை எக்ஸ்ரேக்காரி என்றுதான் கூப்பிட்டது. கணவன் வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு லீவு என்று வந்து போனதில் ஒரு பெண் குழந்தை பிறந்து, பேசவும் தொடங்கிவிட்டது. அதற்கு அப்பா என்றால் கைப்பேசிதான். சார்ஜ் இறங்கினால் "அப்பா தூங்கிட்டாங்க" என்று கவிழ்த்து வைத்துவிடும்.

இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்ள அவன் மனுப் போட்டு, எல்லாம் முடிந்து, பாக்கி இருந்தது தூதரக நேர்காணல் மட்டும். இந்தக் கல்யாணம் நிஜம் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி நம்ப வேண்டும். நம்பாவிட்டால் பழையபடி கைப்பேசி அப்பாதான்.

"வீட்டுக்காரரப் பத்திக் கேட்டா என்னம்மா சொல்லுவ?"

"நல்லாக் குறட்டை விடுவாருன்னு சொல்லலாமாண்ணே?"

"கெடுத்த போ! 'அவர் ரொம்ப அன்பானவர். நாங்க ஒரு நாளும் சண்டை போட்டதே இல்ல. எதுன்னாலும் பேசி முடிவெடுப்போம்.' எங்க, சொல்லு."

சொன்னாள்.

"சிரிச்ச மொகமாச் சொல்லும்மா. எக்ஸ்ரே எடுத்துக்க வந்தவ மாதிரி நிக்கிற."

"நான் எடுக்கறவண்ணே."

தூதரகத்தில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே பேசுவது ஒலிபெருக்கியில் வெளியே கேட்டது. குழந்தை தோளில் தூங்க, எக்ஸ்ரேக்காரி மனதுக்குள் பாடத்தை ஓட்டிக்கொண்டு நின்றாள். அப்போது அந்தப் பாடமே முன்னால் நின்ற நீலக் கைப்பைக்காரியின் வாயிலிருந்து வந்தது. "நாங்க ஒரு நாளும் சண்டை போட்டதே இல்ல. எதுன்னாலும் பேசி முடிவெடுப்போம்." சிரித்த முகம் உட்பட. அடுத்து, மனைவியிடம் போகவிருந்த ஓர் ஒல்லி ஆள். அவரும் அதையேதான் சொன்னார், ஒரு சொல் பிசகாமல். அவர் முடிப்பதற்குள்ளேயே மொழிபெயர்ப்பாளர் அம்மாள் மொழிபெயர்த்து முடித்துவிட்டாள். அதிகாரி பேனாவை மேஜைமேல் போட்டார். இரண்டு பேர் கையிலும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து எக்ஸ்ரேக்காரியின் முறை வந்தது.

"நீங்களும் சண்டையே போட்டதில்லையாம்மா?" என்றாள் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி கேட்டதைவிட இவள் குரலில் நக்கல் கொஞ்சம் கூடவே இருந்தது.

பாடம் பண்ணிய சிரிப்பு உதட்டுவரை வந்து நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு, "போன வாரங்கூட போட்டோம்" என்றாள்.

"எதுக்கு?"

"சோபாவுக்கு. என்னைக் கேக்காம வாங்கிட்டு, வீடியோவுல காட்டறாருங்க, வெள்ளை வெளேர்னு! சின்னப் புள்ள இருக்கிற வீட்டுக்கு எவனாவது வெள்ளை சோபா வாங்குவானா? திருப்பிக் குடுங்கன்னேன். 'நீ இப்பவே வந்து உக்காரப் போறியா, ஏன் கத்தற'ன்னாரு. வந்துச்சு பாருங்க கோவம்!" குழந்தை சிணுங்கியது. தட்டிக் கொடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, ஆனால் கோபத்தைக் குறைக்காமல் தொடர்ந்தாள். "போன வச்சுட்டேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம் அவரே கூப்பிட்டு, வரும்போது உறை தச்சு எடுத்துட்டு வாங்கறாரு. தப்பு அவருது, தையல் எனக்கு!"

மொழிபெயர்ப்பாளர் இதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அதிகாரி ஏதோ கேட்டார்.

"உறை தச்சாச்சான்னு கேக்கறாரு."

"அளவு கேட்டேன். அதையும் தப்பா அனுப்பியிருக்காரு மனுஷன்."

நாத்தனார் புருஷன் போன லீவில் இருவரையும் ஸ்டுடியோவில் நிற்க வைத்து எடுத்த ஜோடிப் படங்களை அதிகாரி புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். விசா போட்டு வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

வெளியே நாத்தனார் புருஷன் டையைத் தளர்த்திக்கொண்டு காத்திருந்தார்.

"சிரிச்ச மொகமாச் சொன்னியா?"

"குடுத்துட்டாங்கண்ணே."

"பாத்தியா! நம்ம கோச்சிங் வீண் போகுமா?"

நடந்ததைச் சொன்னாள். திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பேரைப் பற்றியும் சொன்னாள். அந்த இடத்தில் அவர் கொஞ்சம் இருமினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சோபா என்ன கலர்னு சொன்ன?"

"எதுக்குண்ணே?"

"நாளைக்கு கிளாஸ் இருக்கும்மா."

"உங்க வீட்டுச் சண்டையச் சொல்லிக் குடுங்களேன்."

"எங்களுக்குள்ள ஏதும்மா சண்டை?" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அந்த வீட்டுக் கூச்சல் தெருமுனைவரை கேட்கும் என்பது எக்ஸ்ரேக்காரிக்குத் தெரியும். அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, கறை தெரியாத துணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று யோசித்தபடி நடந்தாள்.