யாரும் தொடாத இருபது கிலோமீட்டர்

என் பெண்டாட்டியை நான் தொடக்கூடாது என்று ஒரு மனிதர் சட்டம் பேசினார். நானும் கைகட்டிக் கேட்டுக்கொண்டேன். அவர் பெயர் அரங்கநாதன். நீச்சல் சங்கத்திலிருந்து வந்திருந்த பார்வையாளர். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், விடியற்காலை ஐந்து மணிக்குப் படகில் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

"செல்வகுமார், நல்லா கேட்டுக்கோங்க. படகு அவங்க மேல படக்கூடாது. உங்க கை படக்கூடாது. யார் தொட்டாலும் அதோட முடிஞ்சது. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதுவேன்."

"முழுகினா?" என்று கேட்டேன்.

"முழுகினா தூக்கலாம். ஆனா வேன் கிடையாது."

வேன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் ஆர்த்திக்குப் பதினொரு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கால் இரண்டும் விறைத்துப்போயின, நடக்க முடியாது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் சின்ன மையம் ஒன்று திண்டிவனத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் பனமலையிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஆர்த்தி சின்னவளாக இருந்தவரை என் மனைவி தமிழ்ச்செல்வி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். பதினொரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் ஏற முடியுமா? அனந்தபுரத்திலிருந்தும் கிளியனூரிலிருந்தும் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பயிற்சி நின்றால் கால் மறுபடி இறுகிவிடும். கிளியனூர்ப் பையன் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். எட்டு மாதம் வரவில்லை, இப்போது உட்காரவே சிரமப்படுகிறான். அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று தமிழ்ச்செல்வி சோறு தின்னவில்லை.

கடலில் நீந்தி நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுகிறார்கள் என்று செல்போனில் எதையோ பார்த்தவள், புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்காரருக்குக் கடிதம் போட்டாள். அவரும் பதில் போட்டார்: இருபது கிலோமீட்டரைச் சங்கத்து விதிப்படி முடித்துச் சான்றிதழ் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒரு வேன். முடிக்காவிட்டால்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஆள்மேல் எனக்கு இன்றுவரை கோபம்தான். கொடுக்க மனசிருக்கிறவன் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, ஒரு பொம்பளையைக் கடலில் இறக்கி வேடிக்கை பார்ப்பானேன்?

இதை அவளிடமே கேட்டேன். "அவரு எறக்கலீங்க. நானாதான் எறங்கறேன்," என்றாள்.

தண்ணீர் அவளுக்குப் புதிது இல்லை. கல்யாணமான மூன்றாம் நாள், எங்கள் நிலத்து மோட்டார் கொட்டகை மேலேறிக் கிணற்றில் தொபுக்கடீர் என்று குதித்தாள். புது மருமகள் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று, மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த சனம் மொத்தமும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. எட்டிப் பார்த்தால் மல்லாந்து மிதந்தபடி, "தண்ணி ஜில்லுனு கீது, வர்றீங்களா?" என்கிறாள். என் மானம் அன்றைக்கே போயிற்று. எனக்கு நீச்சல் என்றால் கிணற்றுப் படியைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பதோடு சரி.

பத்து மாதம் மரக்காணத்துக்குப் போய்ப் போய்க் கடலில் பழகினாள். சின்னதுரை என்கிற மீனவர் ஒவ்வொரு தடவையும் படகில் துணைக்கு வந்தார். அன்றைக்கும் அவர் படகுதான். படகில் அவர், நான், அரங்கநாதன், மூன்றே பேர்.

பதினான்கு கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை, உப்புப் போட்டுத் தண்ணீராகக் கரைத்த கேப்பைக் கூழை பாட்டிலில் ஊற்றிக் கயிற்றில் கட்டி எறிவேன். மிதந்தபடியே குடித்துவிட்டுப் பாட்டிலை விட்டுவிடுவாள். கயிறு அவளை இழுத்துவிடக்கூடாது. இழுத்தால் அதுவும் உதவி செய்ததாகிவிடுமாம். அலை தூக்கித் தூக்கிப் போட்டதில் நான் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். அரங்கநாதன் அதையும் நோட்டில் எழுதியிருப்பார்.

பதினைந்தைத் தாண்டியதும் சொறிமீன் கூட்டத்தில் மாட்டினாள். குழகுழவென்று மிதக்கும் அது பட்டால் நெருப்பை வைத்த மாதிரி எரியும். அவள் அலறிய அலறலில் எனக்கு உயிரே இல்லை. கழுத்தும் இடது கையும் என் கண்முன்னால் வீங்கின. என்னை அறியாமல் படகு விளிம்பில் குனிந்து கையை நீட்டிவிட்டேன். அரங்கநாதன் என் கையையே பார்த்தார்.

"கைய எடுய்யா!" என்று கத்தினாள். பதினான்கு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கையை எடுத்துக்கொண்டேன்.

பட்ட காலிலே படும் என்கிற மாதிரி, அடுத்து சின்னதுரை முகத்தைச் சுளித்தார். "நீவாடு மாறிடுச்சிங்க. எதுத்தாப்ல இழுக்குது." கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தைச் சொன்னார். உண்மைதான். கரையில் தெரிந்த தண்ணீர்த் தொட்டி ஒரு மணி நேரமாக அதே இடத்தில் நின்றது. ஒரு கை வலியோடு, ஒரு மணி நேரத்தில் ஒரே கிலோமீட்டர் நகர்ந்திருந்தாள். வேன் நாசமாய்ப் போகட்டும், ஏறிவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பதினெட்டரையில் இருந்தபோதுதான் கிழக்கே எஞ்சின் சத்தம் கேட்டது. மூன்று படகுகள். கரையோரக் குப்பங்களில் எல்லாம் முந்தின நாளே மைக்கில் சொல்லியிருந்தோம். இவர்களோ முந்தாநாளே கடலுக்குப் போனவர்கள். அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? தண்ணீரில் ஒரு பொம்பளை ஒற்றைக் கையால் தத்தளிக்கிறாள், பக்கத்திலேயே ஒரு படகில் மூன்று ஆம்பிளைகள் தூக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடல்காரன் எவனும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டான். வலையை அறுத்துவிட்டாவது வந்து தூக்குவான்; யார், எவர் என்ற கேள்வியெல்லாம் அப்புறம்.

சின்னதுரை வராதீர்கள் என்று துண்டை வீசினார். ஜல்தியாக வரச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் வேகம் எடுத்தார்கள். குறுக்கே படகை விடலாம் என்றால் எங்கள் எஞ்சின் அவளுக்குப் பத்தடியில் இருந்தது, திருப்பினால் விசிறி அவளை வெட்டிவிடும். முதல் படகின் முனையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், அவளை அள்ளுவதற்குக் கையைத் தயாராக நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஒன்று மட்டும் மனதில் ஓடியது: லைஃப் ஜாக்கெட் போட்டவனை எவன் தூக்க வருவான்? கழற்றி எறிந்தேன். அவள் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய் அவர்கள் படகுக்கு முன்னால் குதித்தேன்.

"ஐயோ, காப்பாத்துங்க!"

முதல் கத்தல் நடிப்பு. இரண்டாவது நிஜம். மூக்கிலும் வாயிலும் உப்பு ஏறியது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆர்த்தியின் முகம் வந்தது. செத்தோம் என்று தீர்மானித்தபோது யாரோ என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள்.

படகில் போட்டதும் மீசைக்காரர் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். "நீச்சல் தெரியாதவனுக்கு கடல்ல இன்னாடா வேல? டேய், அந்தம்மாவையும் தூக்குங்கடா!"

அவர் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "அவள தொடாதீங்கண்ணே! தொட்டா எல்லாம் பூடும்!" இருமி இருமிச் சொன்னேன். நடக்க முடியாத பிள்ளைகள், இரண்டு பஸ், வேன், சட்டம். பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு தண்ணீரில் நகரும் அவளைப் பார்த்தார்.

"நடக்க முடியாத பசங்களுக்கா?"

"ஆமாண்ணே."

எஞ்சின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். அவர் பெயர் முருகையன் என்று அப்புறம் தெரிந்தது. மூன்று படகுகளும் தூரமாக விலகி அவளோடு ஊர்ந்தன. மீனை ஐஸில் போட்டு வைத்திருந்தவர்கள் ஒருவரும் கரைக்கு அவசரப்படவில்லை. மிச்சமிருந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கரையில் குப்பமே திரண்டிருந்தது. விதிப்படி அவள் தானாக வெளியேறி, அலை தொடாத மணலுக்கு வந்து சேர வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் எழுந்தாள். அலை அடித்துக் கவிழ்த்தது. மறுபடி எழுந்து மறுபடி விழுந்தாள். பெண்கள் பொறுக்கமாட்டாமல் சேலையை வரிந்துகொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள்.

முருகையன் படகிலிருந்து குதித்து ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். "தொடாதீங்கடி! ஒருத்தியும் தொடாதீங்க!"

"கண்ணுக்கு முன்னால சாவறாளே, நீயெல்லாம் மனுசனா?" என்று ஒருத்தி அவர் மார்பில் குத்தினாள்.

"எனுக்கு மட்டும் கை பரபரங்கலியா? நில்லுங்கடி!" அவர் குரல் உடைந்துவிட்டது.

தமிழ்ச்செல்வி அதற்குமேல் எழுந்திருக்கவில்லை. வலது கையை மணலில் ஊன்றி, முழங்காலை இழுத்து இழுத்துத் தவழ்ந்தாள். ஓர் அலை வந்து பின்னால் இழுத்துப் போட்டது, மறுபடி தவழ்ந்தாள். அடுத்த அலை அவள் பாதத்துக்கு எட்டாமல் திரும்பியது. முடிந்தது என்று அரங்கநாதன் விசில் ஊதினார்.

முருகையன் கையைத் தொங்கப்போட்டார். "இப்ப தூக்குங்கடி," என்றார்.

எத்தனை கைகள் அவளை அள்ளின என்று தெரியவில்லை. மடியில் போட்டுக்கொண்டார்கள், முகத்தைத் துடைத்தார்கள், வீங்கிய கையை ஊதினார்கள். அந்தப் பெண்கள் கூட்டத்துக்குள் எனக்கு இடமே கிடைக்கவில்லை. வெளியே நின்று ஓவென்று அழுதேன்.