மீன் தொட்டித் தண்ணீரும் அண்ணன் வீட்டு மோட்டாரும்

மீன் தொட்டியில் தண்ணீர் மாற்ற, ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் வாய்க்கு வந்து சேருவதற்குள் வாயை எடுத்துவிட வேண்டும். நான் ஒருநாளும் சரியான நேரத்தில் எடுத்ததில்லை. ராஜஸ்தானிலும் ஒடிசாவிலும் போர் போடும் ரிக் லாரியோடு சுற்றி, கண்ட கண்ட ஊரிலெல்லாம் பாறையைத் துளைத்துத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்க வைத்தவன், கடைசியில் திருச்செங்கோட்டுக்கு வெளியே சொந்த வீட்டில் உட்கார்ந்து, தங்கமீன் கழிந்த தண்ணீரை வாய் நிறைய வாங்கித் துப்பிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இன்னிக்கு ருசி எப்படி?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பாள்.

"நேத்து நீ வெச்ச ரசத்துக்கு இது பரவால்ல."

தொட்டி எங்கள் மகளுடையது. வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனவள், மீன்களை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். வாரம் ஒருமுறை தொட்டியில் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு. எடுத்த தண்ணீரை வாளியில் பிடித்து, சுற்றுச்சுவரை ஒட்டி நின்ற எலுமிச்சை மரத்துக்கு ஊற்றுவோம். மீன் கழிவு நல்ல உரம். எங்கள் ஆழ்குழாய்க் கிணறு வற்றிப் போன பிறகு அந்த மரத்துக்கு வேறு நாதியும் இல்லை. குழாயில் எப்போதாவது வரும் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மீன்களுக்கும்தான் காணும். விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீர் உப்பு. துணி துவைக்கலாம், மரத்துக்கு ஆகாது. பாத்திரம் கழுவும் தண்ணீரில் சோப்பு. ஆக எங்கள் வீட்டில் முதல் மரியாதை மீனுக்கு, மிச்சம் எலுமிச்சைக்கு. மனைவி தொட்டிச் செடியாக வைத்து வளர்த்துப் பிறகு மண்ணில் இறக்கிய மரம் அது. வருஷா வருஷம் அதன் காயில்தான் மகளுக்கு ஊறுகாய் போகும்.

கிணறு ஏன் வற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் வீடு. பாகம் பிரித்த மறு வருஷம் அவர் தன் பக்கம் போர் போட வேண்டும் என்றார். பழக்கமான ரிக்கை வரவழைத்து, சுவரோரம் இடம் காட்டி, எவ்வளவு ஆழம் என்று பேசிக் கொடுத்ததெல்லாம் நான்தான். நான் டீ குடிக்கப் போன நேரத்தில், என்னுடையதைவிட இன்னும் ஆழமாக இறக்கச் சொல்லிவிட்டார். நான் டீயை நிதானமாகக் குடிக்கிறவன். அடுத்த கோடையில் என் போர் வெறும் காற்றைக் கக்கியது. அதோடு பேச்சும் நின்றது.

பேச்சு நின்றதே தவிர சத்தம் நிற்கவில்லை. அவருடையது கம்ப்ரசர் மோட்டார். குழாய் வழியே காற்றை அடித்து அடியிலிருக்கும் தண்ணீரை மேலே தள்ளும். தினமும் காலையில் அதைப் போட்டுவிடுவார். எங்கள் வீட்டு டம்ளர்கூட அதிரும். "தேனாட்டம் தண்ணி" என்று அண்ணி தெருவில் யாரிடமோ சொன்னதும் சுவர் தாண்டி வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை உறிஞ்சினேன்.

மீன் தண்ணீரை மரத்துக்கு ஊற்றும் ஏற்பாடும் மாசிக்கு மேல் கெட்டது. மீன்களின் உடம்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"கல்லுப்பு போடுங்கப்பா. தண்ணி மாத்தறப்பவெல்லாம் கொஞ்சம் போடோணும். சரியாக மூணு நாலு வாரம் ஆகும். அந்தத் தண்ணிய மட்டும் மரத்துக்கு ஊத்திராதீங்க, உப்பு ஏறி வேர் போயிரும்."

"அப்ப மரத்துக்கு?"

"பெரியப்பா ஊட்ல கேளுங்களேன்."

பெங்களூரில் இருந்து பார்த்தால் சுவர் சின்னதாகத்தான் தெரியும்.

உப்புப் போட்டோம். மீன் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினோம். முதல் வாரம் எலுமிச்சை இலைகள் சுருண்டன. பிறகு பிஞ்சு உதிர்ந்தது. மனைவி தினமும் போய் மரத்தடியில் நின்றுவிட்டு வருவாள். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும்போது மட்டும் என்னைப் பார்ப்பாள்.

"ஒரு கொடம் கேட்டா கிரீடம் எறங்கிருங்களா?" என்றாள் ஒருநாள்.

"கிரீடம் வெச்சிருந்தா அதுல தண்ணி மொண்டு ஊத்தியிருப்பனே."

அவள் சிரிக்கவில்லை. என் தமாஷுக்கு அவள் சிரிக்காத நாட்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையில் குறைவு. மேலும் சில நாள் வீம்பில் ஓட்டினேன். பிறகு ஒரு காலையில் மோட்டார் சத்தம் கேட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தார்; வாளியைப் பார்த்தார்; கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார்.

கொல்லையில் கம்ப்ரசர் அதிர்ந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தொட்டிக்கு மேல் நீண்டிருந்த குழாயின் வாயிலிருந்து புஸ்ஸென்று காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் காய்ந்த இலைகள் அந்தக் காற்றில் சுற்றின. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எப்பத்துல இருந்துங்ணா?"

"பொங்கல் கழிஞ்சு. ஊட்டுக்குப் பொறத்தால மனை போட்டிருக்கற லேஅவுட்டுக்காரன் நம்மளவிட ஆழமாப் போட்டுட்டான்."

"அப்பறம் எதுக்கு ஓட்டறீங்க?"

"பக்கத்துல கேக்கோணுமில்ல."

"பக்கத்துலன்னா நாந்தானுங்ணா."

"ஆமா" என்றார், பேப்பரை மடிக்காமல்.

டீக்கடையில் உட்கார்ந்தபடியே, தூரத்தில் ஓடும் கம்ப்ரசர் சத்தத்தை வைத்துத் தண்ணீர் பட்டதா, வெறும் புழுதியா என்று சொன்னவன் நான். அதற்காகவே முதலாளிகள் எனக்கு மரியாதை கொடுத்தார்கள். வெறும் காற்றடிக்கும் மோட்டாரை எத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டேனா? ஊற்று பொங்குவதாக நினைத்து வயிறெரிந்ததுதான் மிச்சம். அந்த எரிச்சலுக்கு ஊற்றவாவது அங்கே தண்ணீர் இருந்திருக்கலாம்.

"நீ எதுக்குடா பக்கெட்டோட வந்தே?"

"சும்மாதானுங்ணா."

"உன்ற மீன் தண்ணியில ஒரு பக்கெட் கேக்கலாம்னு உங்கண்ணி சொல்லிட்டே இருந்தா. மல்லிச்செடி காயுதாமா. நாந்தான் வேண்டாம்னேன்."

"இப்ப அதுல உப்புப் போட்டிருக்குதுங்ணா. செடிக்கு ஆகாது."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியா, இதுக்குத்தான் கேக்கல."

"நெசமாலுமே உப்புதானுங்ணா."

"சரி, போ."

என் வாழ்க்கையில் நான் அடித்த எத்தனையோ பொய்களை நம்பியவர் அவர்.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. புள்ளி போய், முன்னைவிட மினுமினுப்பாகத் தொட்டியில் வளைய வந்தன. உப்பில்லாத தண்ணீரை மறுபடி மரத்துக்கு ஊற்ற ஆரம்பித்தபோது மனைவி அடிமரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சை இல்லை. இன்னொரு இடத்தில் கீறினாள். சுவருக்கு மேல் அந்தப் பக்கம் சாய்ந்திருந்த கிளையில் கடைசியாகப் பழுத்தவற்றை அண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டுச் சுவர் மேல் வைத்திருந்தார். பிழிந்தால் விதைதான் வந்தது. இந்த வருஷம் ஊறுகாயைக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னபோது, "ஏம்மா?" என்று மகள் கேட்டாள். "கை வலி சாமி" என்றாள் மனைவி.

காய்ந்த மரத்தை இன்னும் வெட்டவில்லை. வாராவாரம் குழாயை உறிஞ்சித் துப்பிவிட்டு, வாளியைக் கொண்டுபோய் அதன் அடியில்தான் கொட்டுகிறேன். வேறு எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.

அண்ணன் மோட்டாரை நிறுத்தவில்லை. காலையில் அது பாட்டுக்கு ஓடுகிறது. போன வாரம் எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "உங்கண்ணன் ஊட்ல நல்ல தண்ணியாட்ட இருக்குதுங்க, இந்த வெயில்லயும் ஓடுதே" என்றார்.

வெறும் காற்றுதான். இப்போது எனக்கு நன்றாகக் கேட்கிறது.

"ஆமாங்க" என்றேன். "நல்ல ஊத்து. எடம் பாத்துக் குடுத்ததே நாந்தானுங்க."