முப்பத்தெட்டு அடியில் கேட்ட ஒற்றைத் தட்டல்

1957ஆம் வருஷம் மே மாதம் 7ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ஆறு மணிக்கு அம்மா களி கிண்டி இறக்கினாள், தொட்டுக்கொள்ள மாங்காய் போட்ட மொச்சைக் குழம்பு. ஆறே முக்காலுக்கு நானும் தம்பி மாதுவும் நாங்கள் வெட்டிக்கொண்டிருந்த கிணற்று மேட்டுக்குப் போனோம். வெயில் ஏறுவதற்குள் பதினெட்டுத் தொட்டி கல் மேலே வந்தது. இவ்வளவும் என் டைரியில் அன்றைய பக்கத்தில் இருக்கிறது. பகல் பதினொன்றே முக்காலுக்குப் பிறகு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை. தங்கவயலில் ஒரு சுரங்க வாயிலில் பத்தொன்பது வருஷம் நேரக் குமாஸ்தாவாக இருந்தேன். எத்தனை பேர் குழிக்குள் இறங்கினார்கள், எத்தனை பேர் மேலே வந்தார்கள், இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அப்படிப்பட்டவனுக்குப் பேய் பார்க்க நேரம் கிடையாது. ராத்திரி ஷிப்டில் வெள்ளைச் சட்டைக்காரனைப் பார்த்தேன் என்று யாராவது வந்து சொன்னால், சாராயம் எத்தனை கிளாஸ் என்று கேட்டு அனுப்பிவிடுவேன். நீங்களும் என்னை அப்படிக் கேட்கலாம். நான் குடிப்பதில்லை. நடந்ததும் ராத்திரியில் இல்லை, உச்சிப் பகலில்.

வேலையை விட்டபின் நாங்கள் மூவரும் நாகரசம்பட்டிக்கு வடக்கே அம்மாவின் பிறந்த ஊருக்கு வந்தோம். அம்மாவுக்கு அவள் அப்பா வாய்ச்சொல்லாகக் கொடுத்த இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் அங்கே இருந்தது. அதை இருபது வருஷமாக உழுதுகொண்டிருந்தவர் அவள் தம்பி, எங்கள் மாமா. அவருக்கு நாங்கள் வந்தது பிடிக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால், ஆடி மாதத்துக்குள் கிணறு வெட்டித் தண்ணீர் காட்டினால் நிலம் அக்காவுக்கு, இல்லாவிட்டால் தனக்கு என்று பேசி முடித்துவிட்டார். அந்த மேட்டில் நாலடிக்குக் கீழே முழுப் பாறை என்பது அவருக்குத் தெரியும். தினமும் வந்து ஒரு கல்லின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார், நாங்கள் தோற்பதைப் பார்க்க.

பாறையில் துளை போட்டுத் தோட்டா வைத்து வெடிக்கச் செய்துதான் இறங்க வேண்டும். மாது சுரங்கத்தில் ஏழு வருஷம் அந்த வேலைதான் செய்தான். கிணற்று வாயில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மர உருளை ஒன்றைப் பொருத்தினோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அம்மா. உருளையைச் சுற்றினால் கயிறு ஏறும், அதன் நுனியில் இரும்புத் தொட்டி. உருளை பின்னோக்கிச் சுழலாமல் இருக்க ஒரு கட்டையைச் செருகினால் போதும், அப்படியே நிற்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு அடி என்று அளந்து வைத்திருந்தேன். அன்றைக்குக் கிணறு முப்பத்தெட்டு அடி. பத்தொன்பது சுற்று.

இங்கேதான் எங்கள் தவறு. ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் மேலே இருப்பவனை வாய்விட்டுக் கூப்பிடுவார்கள். நாங்கள் சுரங்கத்து வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தோம். தொட்டியின் விளிம்பில் கல்லால் மூன்று தட்டினால் ஆள் ஏறியிருக்கிறான், தூக்கு. இரண்டு தட்டினால் இறக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று தட்டினால் நிறுத்து. சுரங்கத்தில் ஒற்றைத் தட்டலை மீறிச் சுற்றினால் பாறைக்கும் ஆள் ஏற்றும் கூண்டுக்கும் நடுவே யாரோ நசுங்குவான். அதனால் யார் கத்தினாலும் காதில் வாங்கக்கூடாது, தட்டல் மட்டும்தான் கட்டளை. இது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போனது.

மாமா இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். "ஏண்டா மருமவனே, உங்களுக்கெல்லாம் வாயில்லியா? முப்பத்தெட்டடிக் கெணத்துக்குக் கோயில் மணி அடிக்கிறீங்க. மேலருந்து எச்சி துப்புனாலே அவன் மண்டையில விழுமே."

"நீ துப்பாம உக்காரு," என்பாள் அம்மா. "துப்பினாலும் தண்ணி வந்துரப் போவுது, அப்புறம் நெலம் எனக்காயிடும்."

அம்மாவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அவள் உழைப்பைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. தங்கவயலில் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, தனியாள்களாகத் தங்கியிருந்த இருபத்திரண்டு சுரங்கத் தொழிலாளர்களுக்குக் களி கிண்டி, உருட்டி, கூடையில் வைத்து, முதல் ஷிப்டு இறங்குவதற்குள் வாயிலில் கொண்டு கொடுப்பாள். முப்பது வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. வலது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருக்கும். அந்தக் கையாலேயே துடுப்புப் பிடித்துக் கிண்டினாள்.

அந்தக் கையை ஒடித்தவர் என் அப்பா. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் பேசுவேன். அவர் நல்லவர் இல்லை. சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டுக்குத் தகரக் கதவு. ஷிப்டு முடிந்து குடித்துவிட்டு வந்து அந்தக் கதவில் உள்ளங்கையால் ஒரே ஒரு முறை அடிப்பார். இரண்டாவது முறை அடிக்கமாட்டார். அந்த ஒன்றுக்குள் அம்மா ஓடிப்போய்த் திறக்க வேண்டும். அடுப்பில் களி அடிபிடித்தாலும் சரி, மடியில் பிள்ளை இருந்தாலும் சரி. அந்தச் சத்தம் கேட்டவுடன் வீட்டில் எல்லாருடைய கையும் அந்தந்த இடத்தில் நின்றுவிடும். 1932இல் ஒரு பாறை வெடிப்பில் அவர் உள்ளேயே அடைபட்டுப் போனார், உடல் கிடைக்கவில்லை. அம்மா மறுநாளும் இருபத்திரண்டு பேருக்குக் களி கொண்டுபோனாள். மாதுவுக்கு அப்போது இரண்டு வயது. அவனுக்கு அந்தக் கதவும் தெரியாது, சத்தமும் தெரியாது.

இனி அந்தப் பகல்.

பதினொன்றே முக்காலுக்கு நாலு துளையிலும் தோட்டா வைத்துவிட்டதாக மாது சொன்னான். கடப்பாரை, சம்மட்டி எல்லாவற்றையும் மேலே இழுத்துவிட்டோம். அவன் நாலு திரியிலும் நெருப்பு வைத்துத் தொட்டியில் ஏறி, கல்லால் மூன்று தட்டினான். நானும் அம்மாவும் சுற்ற ஆரம்பித்தோம். திரி எரிந்து முடிவதற்குள் அவன் மேலே வந்து நூறு அடி ஓடிவிடலாம், அதற்குத் தகுந்த நீளம்தான் வைப்போம். நான் வழக்கம்போல மனசுக்குள் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது சுற்றில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தட்டல் கேட்டது.

ஒன்றே ஒன்று. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள், அது கல் இரும்பில் படும் சத்தம் இல்லை. தகரத்தில் உள்ளங்கை விழும் சத்தம்.

என் கை தானாகவே கட்டையைச் செருகிவிட்டது. ஒன்று தட்டினால் நிறுத்து. அதை நான் யோசித்துச் செய்யவில்லை. அம்மாவின் கை எனக்கும் முன்னால் நின்றிருந்தது. அவள் இடது முழங்கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள், அடி விழப்போகிறவள்போல. இருபத்தைந்து வருஷமாக அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

கீழே பதினாலு அடி ஆழத்தில் தொட்டி நின்றது. அதற்குக் கீழே நாலு திரி எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா! ஏன்ணா நிறுத்துன? இழுண்ணா!" என்று மாது கத்தினான்.

அவன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. திரிப் புகை மேலே வந்து மூக்கில் ஏறியது. ஆனால் தட்டல்தான் கட்டளை. இன்னும் மூன்று தட்டினால்தான் கட்டையை எடுக்க வேண்டும் என்று என் கை காத்திருந்தது. என் தம்பி சாகப்போகிறான் என்று தெரிந்தும் காத்திருந்தது. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்ததை இருந்தபடி எழுதுவதுதான் என் வழக்கம்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "டேய், கத்தறான் பாரு! இழுங்கடா நாய்ங்களா! நெலத்துக்காவப் புள்ளயக் கொல்றீங்களா?"

அம்மா முழங்கையை மெதுவாக இறக்கினாள். "அது மாது தட்டுனதில்ல," என்றாள். என்னிடம் சொல்லவில்லை. பிறகு குனிந்து, நான் செருகிய கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தனியாளாகச் சுற்றத் தொடங்கினாள். கோணல் மணிக்கட்டு ஒவ்வொரு சுற்றிலும் உருளையில் இடித்தது. சுற்றிக்கொண்டே கிணற்றைப் பார்த்துக் கத்தினாள். அப்பாவை அவள் பெயர் சொல்லிக்கூடப் பேசியதில்லை. அன்றைக்கு 'டா' போட்டாள்.

"ஒன்னு தட்டுனா ஓடியாந்து தொறக்கறதுக்கு இன்னும் எவடா இருக்கறா? தொறக்கமாட்டேன்டா! கைய ஒடிச்ச, பொறுத்துக்கிட்டேன். இவனத் தொட்ட, பொணத்தத் தோண்டி எடுத்து நாய்க்குப் போடுவேன்!"

அவள் சுற்றிய மூன்றாவது சுற்றில்தான் எனக்கு உயிர் வந்தது, என் பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். மாது விளிம்பில் கை வைத்ததும் அம்மா அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். நாலு பேரும் ஓடி மாமரத்துக்குப் பின்னால் விழுந்தோம். வெடித்தது. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வரவே இல்லை.

மண் அடங்கியதும் முதலில் பேசியவர் மாமா. "யாருடா அது தட்டுனது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கல்லின் மேல் விரித்த துண்டைக்கூட எடுக்கவில்லை. சுரங்கத்தை ஒரு நாளும் பார்க்காத மனிதர், அவருக்கும் கேட்டிருக்கிறது.

மாதுவுக்குத்தான் கேட்கவில்லை. "நான் எங்கண்ணா தட்டுனேன்? மூணு தட்டிட்டுக் கல்லப் போட்டுட்டேன். ரெண்டு கையாலயும் கயித்தப் புடிச்சிருந்தேன். சத்தமே வர்ல. நீயா நிறுத்துன, நீயா முழிச்சுக்கிட்டு நின்ன," என்றான். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறான். நான் தன்மேல் ஏதோ வன்மம் வைத்திருந்தேன் என்று கொஞ்ச நாள் நினைத்திருக்கிறான் போலும்.

சாயங்காலம் நான் சோதித்துப் பார்த்தேன். காலித் தொட்டியைக் கிணற்று விளிம்புப் பாறையில் ஐந்து முறை மோதவிட்டேன். ஐந்து முறையும் கணீரென்றுதான் கேட்டது. அந்த இடத்தைச் சுற்றி இருநூறு அடிக்குத் தகரம் என்று ஒரு துண்டு கிடையாது. எங்கள் வீட்டுக்கே ஓலைக் கூரை, பலகைக் கதவு. தங்கவயலில் அடைபட்டுச் செத்தவர் அத்தனை மைல் தாண்டி இந்தப் பாறைக்குள் எப்படி வருவார்? வரமுடியாது. அப்படியானால் அது என்ன? எனக்குத் தெரியாது.

நாலாவது தோட்டா வெடிக்கவில்லை என்பதால் மறுநாள் காலைவரை யாரும் இறங்கக்கூடாது. பிறகு யாராவது ஒருவர் இறங்கி அந்தத் துளையில் தண்ணீர் ஊற்றி அதைச் சாகடிக்க வேண்டும். நான் இறங்குகிறேன் என்று மாது சொன்னான். நான் இறங்குகிறேன் என்று நானும் சொன்னேன், என் குரலை நானே நம்பவில்லை. அம்மா மணிக்கட்டில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிட்டாள்.

மே 8, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. எனக்கு நினைவு தெரிந்து விடிந்தபின் அம்மாவின் அடுப்பு குளிர்ந்து கிடந்து நான் பார்த்ததில்லை. அம்மா கிணற்று மேட்டில் இருந்தாள். புடவையை வரிந்து கட்டி, தண்ணீர்க் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் சுரங்க வாயிலில் நின்றவள், அதுவரை ஒரு குழிக்குள்ளும் இறங்கியதில்லை.

"நீ எதுக்கும்மா? நான் போறேன்," என்றான் மாது.

"நீ போனா அது உன்னத்தான் கேக்கும். சுத்துங்கடா."

"எப்ப நிறுத்தணும்?" என்று நான் கேட்டேன்.

"நான் வாயத் தொறந்து சொன்னா நிறுத்து. வேற எது சொன்னாலும் நிறுத்தாத."

இறக்கினோம். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழாவது சுற்றில், முந்தைய நாள் மாது தொங்கிய அதே பதினாலு அடியில், கைப்பிடி திடீரென்று லேசாகிவிட்டது. காலித் தொட்டிக்குக்கூட அவ்வளவு லேசாக இருக்காது. கீழிருந்து யாரோ தொட்டியைத் தாங்கிப் பிடித்ததுபோல இருந்தது. மாது என்னைப் பார்த்தான், அவன் கையிலும் அதேதான். நான் நிறுத்தவில்லை. எட்டாவது சுற்றில் அம்மாவின் குரல் கேட்டது. கத்தவில்லை. களிக் கூடையோடு கூட்டத்துக்குள் நுழையும்போது வழி கேட்கிற அதே குரல். எங்களிடம் பேசவில்லை.

"தள்ளி நில்லு," என்றாள். "நான் எறங்கணும்."