புள்ளி அக்கா படித்துக்கொண்டிருந்தார்

எங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துபவரை எல்லோரும் புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி, அதே வேலை. வீட்டில் முதுகில் அடிபட்டுப் படுத்திருக்கும் கணவர், நர்சிங் படிக்கும் மகள். அந்தக் குடும்பம் நிற்பது இந்த ஒரு வேலையில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியம் எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் விளங்கும்.

நான் அவருக்கு எதிர் மேசை. பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. எனக்கு எதிலும் அவசரம். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடித்துவிடுகிறவள். அக்காவோ நேர் எதிர். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதம் இருக்கிறதே, அதை விரித்து இரண்டு பக்கமும் படித்து, சந்தேகம் வந்தால் மருந்துக் கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வருவார். ஒருமுறை மகளின் படிப்பு விஷயமாக வங்கியில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. நானும் துணைக்குப் போயிருந்தேன். நான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பல்லை நறநறவென்று கடித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் வீட்டில் போய்ப் படிக்கலாமே என்று காதில் சொன்னேன்.

"போட்ட பிறகு படிச்சு என்னடி பிரயோஜனம்?" என்றார். அவர் குரல் உயர்ந்து யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருடம் முதலாளி, இனி புரூஃபைத் திரையிலேயே பார்ப்போம் என்றார். அக்கா அதற்கு முகம் சுளிக்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம்தான். திரையில் சிவப்புக் குறி போட ஒரு மென்பொருள் மட்டும் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் இரண்டு நாளில் வந்து போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு நாளா? இதற்கெல்லாம் ஒரு ஆள் வரவேண்டுமா என்று நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து போனேன்.

தேடியதும் முதலில் வந்ததைத் தட்டினேன். அதன் ஓரத்தில் விளம்பரம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். யார் பார்த்தார்கள்? பக்கத்தின் நடுவில் பச்சை நிறத்தில் பெரிய பட்டன் இருந்தது, இலவசம் என்றும் இருந்தது. இறக்கிவிட்டேன். திறந்ததும் நீளமாக ஒரு ஒப்பந்தம் வந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். உதடு அசைய அசையப் படிக்கிறார். ஒரு பக்கம் ஆயிற்று. இரண்டாயிற்று. என் மேசையில் வேலை மலையாகக் கிடக்கிறது, நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன்.

"அக்கா, இதையெல்லாம் உலகத்துல ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"அப்ப எதுக்கு எழுதி வெச்சிருக்காங்க?"

பைண்டிங் பகுதியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் தோளுக்கு மேல் கையை நீட்டி மவுஸைப் பிடுங்கினேன். சம்மதம், அடுத்து, அடுத்து, அடுத்து, முடிந்தது. பத்து வினாடி ஆகியிருக்காது. ஏதோ டிக் எல்லாம் போட்டிருந்ததே என்று அக்கா இழுத்தார். எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்று அடித்துச் சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

சிவப்புக் குறி நன்றாகவே விழுந்தது. ஆனால் மறுநாளிலிருந்து அக்காவின் இணையம் வேறேதோ பக்கத்தில் போய்த் திறந்தது. மூலையில் செருப்பு விளம்பரமும் மெத்தை விளம்பரமும் மாறி மாறிக் குதித்தன. இரண்டு முறை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய மிஷின், அப்படித்தான் இருக்கும் என்று மூடிவிட்டுப் போனேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறையவேண்டும்போல இருக்கிறது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழந்தைகள் டாக்டர் ஒருவர் போன் செய்தார். குழந்தை வளர்ப்பு பற்றி அவர் எழுதிய புத்தகம் எங்களிடம் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் அக்காவிடமிருந்து அவருக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. உங்கள் புத்தகத்தின் கடைசிப் படி இணைப்பில் இருக்கிறது, திறந்து பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள் என்று. கிளினிக்கில் இருந்த கம்ப்யூட்டரிலேயே திறந்திருக்கிறார். அவ்வளவுதான். தொள்ளாயிரம் குழந்தைகளின் தடுப்பூசி விவரம், எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, எல்லாம் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டது. காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தை அப்போது எதிரே அம்மா மடியில் இருந்திருக்கிறது. எதைக் கொடுக்கக்கூடாது என்று அந்த அம்மாவுக்கு ஞாபகம் இருந்ததால் பிழைத்தோம் என்றார். அவரிடம் இருந்த மறுபிரதி மூன்று மாதம் பழையது.

நான் போனை வைப்பதற்குள் அடுத்த போன். அதே மெயில் நாற்பத்தோரு எழுத்தாளர்களுக்குப் போயிருந்தது. அக்காவுக்குக் காட்டினார்கள். அடியில் அவர் பெயர், அவர் பதவி, அச்சக முகவரி. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் அனுப்பலையே, நான் அனுப்பலையே" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த மெயிலில் நாலைந்து பிழைகள்கூட இருந்தன, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புள்ளி அக்கா பெயரில் வந்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

பழுது பார்ப்பவர் மதியம் வந்தார். முதலாளி அறையில் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து, ஒரு பழைய லேப்டாப்பில் அதே மென்பொருளை அதே இடத்திலிருந்து இறக்கிக் காட்டினார். அசல் மென்பொருள் வேறு முகவரியில் இருக்கிறதாம். இது அதை எடுத்து, கண்டதையும் உள்ளே திணித்து, அசல் மாதிரியே கடை விரித்தது. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஏழாவது பக்கத்தில் நிறுத்தினார். அங்கே நான்கு கட்டங்கள், நான்கிலும் முன்கூட்டியே டிக். ஒன்று, தேடும் பக்கத்தை மாற்ற. ஒன்று, விளம்பரம் காட்ட. மூன்றாவது என்னவென்று நினைவில்லை. நான்காவது, இந்தக் கம்ப்யூட்டரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளையும் முகவரிகளையும் அவர்களுடைய கூட்டாளிகளோடு பகிர்ந்துகொள்ள. அப்படிக் கைமாறிய பாஸ்வேர்டை வைத்துத்தான் யாரோ அக்கா பெயரில் மெயில் அனுப்பியிருக்கிறார்கள்.

"திருட்டுத்தனமா வரலைங்க. கேட்டுட்டுத்தான் உள்ள வந்திருக்கு" என்றார் அவர். "அந்த டிக்கை எடுத்திருந்தா இவ்வளவும் நடந்திருக்காது."

எழுதி வைத்திருக்கிறார்கள். பச்சையாக எழுதி வைத்திருக்கிறார்கள். முதலாளி அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"படிக்கிறதுதானே உங்க வேலை? இதைப் படிக்க முடியலையா?"

உலகத்திலேயே இதைப் படிக்க உட்கார்ந்த ஒரே ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அக்கா ஒரு நொடி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம், தன் மிஷினில் நடந்தது, தானே பொறுப்பு என்றார். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, வார்த்தை வரவில்லை. பயம், வேறொன்றுமில்லை. என் வேலையும் போய்விடுமே என்ற பயம்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படிக்கட்டில் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தேன். "மவுஸைப் பிடுங்கினது நான்தான்னு ஏன்க்கா சொல்லலை?"

பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை.

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

நான் திரும்பிப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவங்க நிக்கும்போது ஏன் சொல்லலை என்று அவர் கேட்டார். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நாற்பத்தோரு பேருக்கும் நானே போன் செய்து, அழுத்தியது யார் என்று என் வாயால் சொல்லவேண்டும் என்றார். சொன்னேன். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, அவங்க படிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்களா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

முதலாளி நேரில் போய்க் கூப்பிட்டதும், நான்காம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். அதே நாற்காலி. நான் மன்னிப்புக் கேட்டேன், தலையை ஆட்டினார். மதியம் வரை என் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எதிர் மேசையிலிருந்து கூப்பிட்டார்.

"பதினாலாம் பக்கத்துல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. கொஞ்சம் பாருங்க."

ஒன்பது வருடத்தில் அக்கா என்னிடம் 'பாருங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து 'நீங்க', 'வாங்க', 'பாருங்க'தான்.