பூங்கோதை பிடுங்கிப் பார்த்த ஒயர்

காலையில் டீக்கடையில் நின்றிருந்தேன். பூங்கோதையின் ஊரான கடலூரிலிருந்து போன். "மாமா, பூங்கோதை அக்கா போயிட்டாங்க." மூளையில் ரத்தக்கசிவாம். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பூங்கோதையோடு வேலை பார்த்த உங்களுக்காகச் சொல்கிறேன்.

சிதம்பரத்தில் எங்கள் உள்ளூர் டிவி ஆபீசில் நான் வாட்ச்மேன். ஜெனரேட்டரும் என் பொறுப்பு. சர்வர் ரூம் அவளுடையது. குளிரில் முனகிக்கொண்டே இருக்கும் அந்த மெஷின்கள் என்னதான் செய்கின்றன என்று ஒருநாள் கேட்டேன்.

"கேமராவுலேருந்து வர்ற படம் ரொம்ப கனம் மாமா. போனுக்கு ஒரு அளவு, டிவிக்கு ஒரு அளவுன்னு இதுங்கதான் எளைக்க வச்சி அனுப்புது."

"அதுக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு தூக்கிக்கணும்ல."

"ரெண்டும் சேந்து படுத்துட்டா?"

"உங்கள வச்சிக்கிட்டு நான் தூங்குனாப்லதான்!"

போன வருஷம் இரண்டாவது மெஷினை எடுத்துவிட்டு முதலாளி புதிது ஒன்று வாங்கினார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, "யாரும் நோண்டாதீங்க" என்று உத்தரவும் போட்டார். மார்கழித் தேரை நேரடியாகக் காட்ட ஒப்புக்கொண்டிருந்தோம். படம் நின்றால் ஆபீசை மூடவேண்டியதுதான் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர் நெருங்கும்போது ஒருநாள், எல்லாரும் பார்க்க, ஓடுகிற பழைய மெஷினின் ஒயரைப் பிடுங்கினாள் பூங்கோதை. டிவி கறுத்தது. புதிது தூக்கிக்கொள்ளவே இல்லை.

"பைத்தியமாம்மா உனக்கு?" முதலாளி கத்தினார்.

"இன்னைக்கு நின்னுச்சி, போவட்டும் சார். தேரன்னைக்கு நின்னா?"

"எவ்ளோ வெல தெரியுமா அது!"

"வெல ஜாஸ்திதான். உள்ள படத்த எளைக்க வைக்கிற கார்டு வேற ரகம். பழசுக்குன்னு எழுதி வச்ச புரோகிராம் இதுல ஓடாது. ஜோடி சேராது சார்."

எங்கள் கடலூர் கிளை ஆபீசில் பழையதற்கு ஜோடியான மெஷின் ஒன்று இருந்தது. அதைக் காரில் வரவழைத்து மாட்டி, மறுபடியும் பழையதன் ஒயரைப் பிடுங்கினாள். படம் ஒருமுறை கண் சிமிட்டியது, அவ்வளவுதான். சந்தனப்பொட்டு மெஷின் கடலூருக்குப் போனது.

தேரன்று டீ கொண்டுபோனபோது பழைய மெஷினில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். ஜோடி மெஷின் தூக்கிக்கொண்டதால், திரையில் தேர் தன் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. "மொதலாளிகிட்ட சொல்லலையா?" என்றேன்.

"தேரு நிலைக்கு வரட்டும் மாமா. இப்ப சொன்னா அவரு படுத்துடுவாரு. அவருக்கு ஜோடி இல்ல."

காரியம் முடிந்து கடலூரிலிருந்து திரும்பியதும், நல்ல பகலில், எல்லாரும் வேலையில் இருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்கினேன். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திப் பார்க்கிற அந்தத் துணிச்சலைத்தான் அவளிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை. முதலாளி ஓடிவந்தார். ஜெனரேட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, "பேட்டரி இன்னைக்கே மாத்திடலாமா?" என்று மட்டும் கேட்டார்.