கயிறு இல்லாத ஜன்னல்

திரைச்சீலைக் கடையின் பின்னறையில், தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய் அளவெடுத்துத் திரை மாட்டிக் கொடுப்பதும் அவள்தான். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். அதைப் பார்த்துத்தான் தம்பி மகன் அவளுக்கு 'டேப் அத்தை' என்று பெயர் வைத்தான். பேச்சு முழுசாக வராத வயதில் அவன் வைத்த பெயர் கடைவரை பரவி, முதலாளியே சில சமயம் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார். கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்தவள். அதை யாராவது தூண்டித் துருவினால், "அளவு தப்பா எடுத்துட்டேன், துணி வீணாப் போச்சு" என்று சிரித்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள்.

தம்பி பஸ் ஓட்டுநர். அவன் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அந்தப் பையன் நடக்க ஆரம்பித்த புதிதில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். முன்பு இருந்தவர்கள் ஜன்னல்களில் பட்டை பட்டையான மடிப்புத் திரைகளை விட்டுப்போயிருந்தார்கள். ஏற்றவும் இறக்கவும் பக்கத்தில் ஒரு கயிறு, வளையமாகத் தொங்கும். எல்லா வீட்டிலும் இருப்பதுதானே என்று யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காற்று வரட்டும் என்று கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டார்கள்.

ஒரு மத்தியானம் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவினாள். அவன் எப்போது விழித்தான், எப்போது ஜன்னலைப் பிடித்து எழுந்து நின்றான் என்பது யாருக்கும் தெரியாது. அழுகுரல் இல்லை, எதுவும் விழுந்த சத்தம் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் அறைக்குள் வந்தபோது கயிற்று வளையம் அவன் கழுத்தில் இருந்தது. எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அடக்கம் முடிந்த கையோடு தம்பி அந்த வீட்டுத் திரைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தெருவில் எறிந்தான். பெரிய ஆள், தேம்பித் தேம்பிப் பிய்த்தான். யாரும் தடுக்கவில்லை.

பிறகு வேறு வீடு பார்த்துப் போனார்கள். மேல் மாடி, மேற்குப் பார்த்த அறைகள். அந்த வீட்டில் எதுவும் தொங்கக்கூடாது என்று தம்பி மனைவி முடிவெடுத்திருந்தாள். கொடிக்கயிறு இல்லை. கதவில் மாட்டிய துண்டு இல்லை. போன் சார்ஜரைக்கூடச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அக்காக்காரி முதல் தடவை அங்கே போனபோது வாசலிலேயே நின்று, கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். அதற்குப் பிறகு கடையிலும் அதை மாட்டிக்கொள்ளவில்லை. பைக்குள் அடங்கும் இரும்பு டேப் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

முதலாளியிடம் நேராகவே சொன்னாள்.

"வளையக் கயிறு வச்ச எதையும் இனிமே நான் மாட்ட மாட்டேங்க."

"நாம விக்காட்டி பக்கத்துத் தெருக்காரன் விக்கப் போறான். அவ்வளவுதானம்மா."

"விக்கட்டும். மாட்டுற கை என் கையா இருக்காது."

முதலாளி தலையைச் சொறிந்தார். துக்கத்துக்கு வந்து போனவர்தான் அவரும். அதற்குமேல் பேச்சை வளர்க்கவில்லை.

லீவு நாட்களில் அவள் பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். பிள்ளை இருக்கிற வீடு எது என்று ஞாபகத்தில் தேடித் தேடிப் போனாள். கயிற்று வளையத்தை விறைப்பாக இழுத்து, பிடிப்பான் வைத்துச் சுவரோடு சேர்த்துத் திருகினாள். முடிந்த இடத்தில் வெட்டியே எடுத்தாள். கட்டிலையும் நாற்காலியையும் ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தச் சொன்னாள். ஒரு வீட்டு அம்மா கதவைப் பாதி மட்டும் திறந்து, "எங்க பிள்ளை அவ்வளவு சேட்டை பண்ணாதுங்க" என்றாள்.

"சேட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கிற பிள்ளைதானே?"

அந்த அம்மா ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவை முழுசாகத் திறந்தாள்.

இதற்கிடையில் தம்பிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வெயில் காலம் வந்ததும் அந்த வீடு உலையாகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் வெயில் மறைப்பே இல்லாமல் கண்ணாடி வழியாக நுழைந்து தரையில் படுத்துக்கொள்ளும். ஏசி மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும், அறை குளிராது. குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு. தம்பி கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டிப் பார்த்தான். தாள் மஞ்சளாகிச் சுருண்டதுதான் மிச்சம். கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டான்.

"ஏதாவது பண்ணுக்கா. அவகிட்ட நான் வாயத் தொறக்க முடியல."

அவள் வந்து கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தாள். சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது போலிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி தம்பி மனைவி அறை வாசலில் நின்றாள். வேண்டாம் என்று சொல்லத் தயாராக நின்ற மாதிரி இருந்தது.

"உள்ள எதுவும் மாட்டப் போறதில்லம்மா" என்றாள் அவள். "வெயில் கண்ணாடியத் தாண்டி உள்ள வந்துட்டா, அப்புறம் திரை போட்டும் பாதிதான் புண்ணியம். வெளியவே நிறுத்திடணும். பால்கனிப் பக்கம் சட்டம் அடிச்சு, நெருக்கமான வலைத்துணிய இழுத்துக் கட்டிடறேன். காத்து வரும், வெளிச்சம் வரும், சூடு வராது."

"உள்ள ஒண்ணும் வராதுல்லக்கா?"

"ஒரு ஆணிகூட வராது."

அந்த வாரமே சட்டம் ஏறியது. மத்தியானத்தில் தரையில் வெறுங்காலை வைக்க முடிந்தது. குழந்தை கால்நீட்டித் தூங்கியது. தம்பி மனைவி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

குளிர்காலம் வந்தபோது நிலைமை தலைகீழானது. வெளியே இருந்த வலையால் குளிரைத் தடுக்க முடியவில்லை. அறையைச் சூடாக்கும் ஹீட்டர் எவ்வளவு ஓடினாலும் வெப்பமெல்லாம் கண்ணாடி வழியாக வெளியே போனது. குழந்தைக்குச் சளி விட்டபாடில்லை. ஒரு நாள், யாரும் கூப்பிடாமலே, தம்பி மனைவி கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரிசையாகத் தொங்கும் திரைகளைப் பார்த்ததும் அவள் கால்கள் படியிலேயே நின்றுவிட்டன. அக்காக்காரி ஓடிப்போய்க் கையைப் பிடித்து, நேராகப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள்.

"எது நல்லா குளிர் தாங்கும்?" என்று கேட்டாள் வந்தவள்.

அக்காக்காரி, தேன்கூடு மாதிரி அறை அறையாக மடியும் திரை ஒன்றை எடுத்து வைத்தாள். அந்த அறைகளுக்குள் காற்று தங்குவதால் குளிர் எளிதில் ஊடுருவாது. வெளியே கயிறே கிடையாது, அடிப்பட்டையைப் பிடித்து ஏற்றி இறக்கினால் போதும். தம்பி மனைவி அதைத் தடவிப் பார்த்தாள், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்ன ஓடுது?"

வேறு வியாபாரியாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். அவள் கத்திரியை எடுத்து அந்த மாதிரித் திரையை ஓரத்தில் நறுக்கினாள். உள்ளே மெல்லிய கயிறு மேலிருந்து கீழ்வரை போனது.

"இருக்கும்மா. துணிக்குள்ளயே அடங்கியிருக்கும், பிள்ளை கைக்கு எட்டாது. ஆனா இருக்கு."

"அப்ப வேண்டாம்."

"சரி, வேண்டாம்."

நறுக்கிய ஓரத்தைப் பிடித்தபடியே தம்பி மனைவி உடைந்து அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த முதலாளி, நறுக்கிய திரையையும் அழுதுகொண்டிருந்தவளையும் பார்த்துவிட்டு திரும்பிப் போனார்.

"அன்னிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தேன்னா..." என்றாள் தம்பி மனைவி.

"இங்க எத்தனையோ அம்மாங்க வர்றாங்க. நிறத்தக் கேப்பாங்க, பூப்போட்டது இருக்கான்னு கேப்பாங்க. கயிறப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல. எனக்கும் தோணல. உனக்கு மட்டும் எப்படித் தோணும்?"

கடைசியில் உருளைத் திரையைத் தேர்ந்தெடுத்தார்கள். உருளைக்குள் இருக்கும் சுருள்கம்பியே துணியைச் சுருட்டிக்கொள்ளும், கயிறு எங்குமே கிடையாது. கெட்டியான இரட்டைத் துணி, குளிர் ஓரம் வழியாக நுழையாமலிருக்க, துணியின் விளிம்பு உள்ளே ஓடும்படி இரண்டு பக்கமும் தடம். தம்பி மனைவி அதை அங்கேயே பிரித்து, கையை உள்ளேவிட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவே ஏணியில் ஏறி மாட்டினாள். தம்பி, தரையில் நிற்கும் மரத்தொட்டிலை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினான். தம்பி மனைவி முன்னால் வந்து, அடிப்பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நின்றது. மெதுவாக மேலே விட்டாள். திரும்பவும் இழுத்தாள்.

"அவன் இருந்திருந்தா," என்றான் தம்பி, ஜன்னலைப் பார்த்தபடி, "மேலயும் கீழயும் இழுத்து விட்டே இத ஒடச்சிருப்பான்."

அந்த வீட்டுக்கு வந்தபின் அவனைப் பற்றி யாரும் பேசியதில்லை. அக்காக்காரி திருப்புளியைக் கையில் பிடித்தபடி ஏணியிலேயே அசையாமல் நின்றாள்.

"ஒரே நாள்ல ஒடச்சிருப்பான்" என்றாள் தம்பி மனைவி. பிறகு, "டிவி ரிமோட்டை என்ன பண்ணினான், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, விளக்கைப் போடவும் மறந்து, அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.