லண்டனிலிருந்து சூரிச்சுக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம்

அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது ஜௌபர் காக்காவின் மனைவி கைபேசியில் அழைத்தார். "தம்பி, காக்கா மௌத்தாகிட்டார். புள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்க" என்றார். மரணச் செய்தி கேட்டு, செருப்பைத் தேடத் தோன்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல்முனையில் விமானச் சீட்டு எடுத்தவர்களுக்கு, அண்ணன் முறை வைத்து எல்லோரும் காக்கா என்றழைத்த அவரைத் தெரியாமல் இருக்காது. சீட்டு எடுத்துக் கொடுக்கும் கடையில் பத்தொன்பது வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தேன். ஒருமுறைகூட விமானத்தில் ஏறாத மனிதர். ஆனால் ஐரோப்பாவில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டாலும் கணினியைப் பார்க்காமலே சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீரமுனையிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் லண்டனிலிருந்து சூரிச்சுக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் என்று சொல்லிவிட்டேன். லண்டனில் மகனோடு தங்கிவிட்டு, சூரிச்சில் இருக்கும் மகளிடம் போக இருந்தவர். புறப்படும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே சொன்னேன். சூரிச் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முந்தி ஓடும் என்பது இந்த மேதாவிக்குத் தெரியாது. காக்கா அந்த அம்மாவிடம் சரியான நேரத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எண்ணூறு கிலோமீற்றர் கூட இல்ல. மகளப் பார்க்கப் போறவக்கு ஏன் தூரத்தக் கூட்டிச் சொல்றாய்?" என்றார்.

பிற்காலத்தில் அவருடைய பிள்ளைகளும் அதே இரண்டு ஊர்களில், மகன் லண்டனிலும் மகள் சூரிச்சிலுமாகக் குடியேறினார்கள். மகளுக்கு வீடு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். காக்கா அப்படிக் கொடுத்த வீட்டின் மேல்மாடியை எழுப்பியவர் லண்டனில் இருந்த மகன். அது யாருக்கு என்பதில் வார்த்தை தடித்து, ஐந்து வருடம் அண்ணனும் தங்கையும் கதைக்கவில்லை. காக்கா மகனோடு தொலைபேசியில் பேசும் போதெல்லாம் கடைசியில், "சூரிச்சுக்கு ஒண்டே முக்கால் மணித்தியாலம்தான் மகன்" என்பார். மகன் பேச்சை மாற்றிவிடுவார்.

வெளிநாட்டுப் பிள்ளைக்காக ஜனாஸா அடக்கத்தைப் பிந்த வைக்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம், "மையத்தக் காக்க வைக்காதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார். தன் விடயத்திலும் அதையே வீட்டில் சொல்லி வைத்திருந்தார். அன்று பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று முடிவாகியது.

மகளுக்குச் சொல்லிவிட்டு மகனுக்குச் சொன்னேன். அழுதுகொண்டே, கட்டுநாயக்காவுக்கு அடுத்த விமானம் எப்போது என்று கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "அஸருக்கு முன்னம் இங்க வந்து சேர ஏலாது தம்பி. சூரிச்சுக்கு ஏலும். தங்கச்சி தனிய இரிக்கா."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "முதல் பிளைட் எத்தின மணிக்கு?" என்று கேட்டார். அந்தச் சீட்டைக் காக்காவின் மேசையில் உட்கார்ந்துதான் எடுத்தேன்.

மையவாடியில், கப்றுக் குழிக்குள் மற்றவர்கள் மூன்று கைப்பிடி மண் போட்டுக்கொண்டிருந்தபோது நான் வீடியோ அழைப்பில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுமுனையில், சூரிச்சில், ஒரே கைபேசிக்கு முன்னால் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அவர் தோளில் முகம் புதைத்து அவள் அழுதாள். நானும் அழுதேன்.

அல்லாஹ் காக்காவுடைய கப்றை விசாலமாக்குவானாக. இப்போது அவருடைய மேசையில் நான் இருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: பிரிந்திருக்கும் இருவருக்கு இடையிலான தூரத்தை யார் கேட்டாலும், ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்வதில்லை.